ராத்தா வீட்டுக்குப் போகும் பின்வழி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். கடைக்குச் சாமான் துண்டு எழுதுவதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. முன்னுக்குச் சொல்லவேண்டியதைப் பின்னுக்குச் சொல்லியிருப்பேன், சிலது மறந்தும் போயிருக்கும். பாலர் பாடசாலை டீச்சர் எங்கள் பகுதிப் பெண்கள் எழுதுவதையெல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் ஆக்கப்போகிறாராம். நடைபாதை விஷயத்தை நான்தான் எழுதவேண்டும் என்று ஒரு கொப்பியையும் தந்துவிட்டுப் போனார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடுகள் புத்தளம் களப்புக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. ஒரு காலத்தில் எல்லாம் ஒரே தென்னங்காணி. பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துப் பிரித்துக் கொடுத்ததில் வளவுகள் சின்னதாகி, ஒன்றின் குசினி மற்றதின் குசினியைப் பார்த்தபடி நிற்கிறது. என் வீட்டு வாசல் ஒரு ஒழுங்கையில். என் ராத்தா, அதாவது என் மூத்த சகோதரி, அவவின் வீட்டு வாசல் அடுத்த ஒழுங்கையில். நடுவில் ஆறு வளவுகள். இரண்டு ஒழுங்கையும் பெரிய ரோட்டில்தான் போய்ச் சேரும். களப்புப் பக்கம் ஒன்றோடொன்று சேர வழியில்லை, சேறு.

ஆனால் நாங்கள் ரோட்டால் போவதில்லை. வேலிக்கு வேலி, குசினிப் பக்கமாக, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்போம். அதைக் கடப்பு என்போம். அப்படி ஏழு கடப்புகளைத் தாண்டினால் ராத்தாவின் குசினி. கடப்பில் நின்று, "ஆம்பிளைகள் இரிக்கிறாங்களா?" என்று ஒரு குரல் கொடுக்கவேண்டும். உள்ளேயிருந்து "இல்ல, வாங்க" என்று வந்தால் போகலாம். யாராவது இருந்தால் அவர் முன்பக்கம் போகும்வரை நிற்கவேண்டும். அபாயா போடத் தேவையில்லை, தலையில் முக்காடு போதும். பிள்ளைப்பேறு, மௌத்து வீடு, இறந்தவருக்கு ஓதுகிற கத்தம், கடன் கேட்ட மிளகாய்த்தூள், எல்லாம் அந்த வழியால்தான் போய் வந்தன. எங்கள் உம்மா காலத்திலிருந்து அப்படித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் ராத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். மச்சான் எப்போதோ மௌத்தாகிவிட்டார். மகன் கட்டாரில். என் வீட்டுக்கு வந்து இரு என்றால் வரமாட்டா, அவவின் வீட்டுக் கட்டிலில்தான் அவவுக்கு நித்திரை வரும். ஆகவே நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் போவேன். காலையில் எழுப்பி முகம் கழுவ வைக்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னால் சோறும் ஆணமும், அதாவது குழம்பும், கொண்டுபோக. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு குளிப்பாட்ட. இடையில் அவசரம் என்றால் போனில் ஒரு தரம் அடித்து வைத்துவிடுவா. நான் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டுப் போவேன். பின்பக்கத்தால் போனால் சோறு ஆறுவதற்கு முதல் போய்விடலாம்.

ரோட்டால் போகவும் ஒருமுறை பார்த்தேன். மழைக்கு ஒரு கடப்பின் முன்னால் தண்ணீர் நின்ற நாள். பெரிய ரோட்டின் ஓரத்தில் நடக்க இடமே இல்லை. தார் முடிகிற இடத்தில் பள்ளம் தொடங்குகிறது. உப்பு மூட்டை ஏற்றிய லொறி ஒன்று பக்கத்தால் போன காற்றில் அபாயா காலில் சுற்றி, ஒரு செருப்பு பள்ளத்துக்குள் போனது. சோற்றுப் பீங்கானை மட்டும் விடவில்லை. ஒரு கால் செருப்போடு வீட்டுக்குத் திரும்பி வந்து, தண்ணீருக்குள் இறங்கியே போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு ரோட்டை நினைக்கவில்லை.

அந்த ரோட்டைப் பற்றி எல்லோருக்கும் குறைதான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கிளினிக்குக்குப் போகும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள், சைக்கிளில் கடைக்குப் போகிறவர்கள், எல்லாரும் லொறியோடுதான் போகவேண்டும். அதனால் பிரதேச சபைக் கந்தோரிலிருந்து ஒரு திட்டம் போட்டார்கள். ரோட்டைத் தொடாமல், நடந்தும் சைக்கிளிலும், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், சந்தை, கிளினிக் எல்லாவற்றுக்கும் போக ஒரு பாதை. நல்ல விஷயம். ஆட்கள் இப்போது எந்த வழியால் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வீடு வீடாக வந்தார்கள்.

வந்தது ஒரு இளம் பெண். சிலாபம் பக்கத்துப் பிள்ளை. சிங்களமும் தமிழும் இரண்டும் சரளம். கூட ஒருவர், அளக்கிற டேப்பும் பையும் வைத்துக்கொண்டு. என் மருமகன் கதிரை போட்டு இருக்கவைத்தார். நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அந்தப் பிள்ளை கடதாசியைப் பார்த்துப் பார்த்துக் கேட்டது. வேலைக்கு எந்த வழி, சந்தைக்கு எந்த வழி, வாரத்தில் எத்தனை தரம். மருமகன் தன்னுடையதைச் சொன்னார். பிறகு, வீட்டில் வயதான ஆட்கள் இருக்கிறார்களா, அவர்கள் எங்கே நடந்து போவார்கள் என்று கேட்டது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"உம்மா ஒரு இடமும் போறல்ல," என்றாள் மகள்.

அந்தப் பிள்ளை அப்படியே எழுதிக்கொண்டது.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று இப்போது எழுதும்போது யோசிக்கிறேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அளக்கிற ஆம்பிளை முன்னால் உட்கார்ந்திருக்க, நான் இன்னார் கிணற்றடியால் போகிறேன், இன்னார் குசினிக்குள் பார்த்துக்கொண்டு போகிறேன் என்று எப்படிச் சொல்வது? அது என் வழி மட்டும் இல்லையே, ஆறு வீட்டு மறைவும் அதற்குள் இருக்கிறது. பிறகு விசாரித்ததில் ஆள் இருக்கிற ஐந்து வீட்டிலும் பெண்கள் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள், நாங்கள் ஒரு இடமும் போவதில்லை என்று. இரண்டாம் வீட்டில் மட்டும், தங்கள் மகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதைச் சொன்னார்கள். அது ரோட்டால் போவது, மறைக்க ஒன்றுமில்லை.

சில மாதம் போனது. பள்ளிக்கூடச் சுவரில் பெரிய படம் ஒன்று தொங்கவிட்டார்கள். மகள் போனில் எடுத்து வந்து காட்டினாள். எங்கள் வளவுகளுக்கு நடுவில், மூன்றாம் வீட்டுக்கும் நாலாம் வீட்டுக்கும் இடையில் ஒரு கான் ஓடுகிறது. மழைத்தண்ணீர் களப்புக்கு இறங்கும் வாய்க்கால். அதன் மேல் கொங்கிரீட் பலகை போட்டு மூடி, பாதை. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மற்றப் பக்கம் கிளினிக். பச்சைக் கோடு நேராக, அழகாக இருந்தது. எங்கள் வளவுகள் இருக்கும் இடம் ஒரே வெள்ளை. அங்கே யாரும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்த கிழமை சோறு கொண்டு போகும்போது நாலாம் வீட்டின் கான் பக்கத்தில் சீமெந்துக் கல் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன்.

மூன்றாம் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் கொழும்பில். அங்கே வேலியே விழுந்துவிட்டது. கானைத் தாண்ட ஒரு தென்னங்குற்றி போட்டிருக்கிறோம். அதைத் தாண்டினால் நாலாம் வீட்டுக் கடப்பு. அந்த வீட்டுக்காரி எனக்கு மச்சி முறை. கல்லைப் பற்றிக் கேட்டேன்.

"பாதை வருதே மச்சி. என்ட ரெண்டு கொமருப் புள்ளைகளும் இந்தக் கிணத்தடியிலதான் குளிக்கிற. சைக்கிள்ல போறவனெல்லாம் எட்டிப் பாக்கவா? மதில் கட்டாம ஏலாது."

"கடப்பு?"

"அத எப்புடி விடுற? இனி அங்கால ரோட்டுத்தானே."

அவ சொன்னதில் பிழையில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. பீங்கானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு கடப்பு அடைபட்டால் மற்ற ஆறும் இருந்து என்ன. மருமகனிடம் அன்று பின்னேரம் சொன்னபோது, புதுப் பாதையால் நடந்து போகலாமே மாமி என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் புதுப் பாதைக்கு ஏறவே என் ஒழுங்கையின் தலைப்புக்குப் போகவேண்டும். பிறகு கிளினிக்கைத் தாண்டி, ராத்தாவின் ஒழுங்கைக்குச் சுற்றிவரவேண்டும். என் முழங்காலுக்கு அது ஒரு நாளில் ஒரு தரம் போகிற தூரம். மூன்று தரம் போகிற தூரமில்லை. ராத்தா போன் அடித்தால் ஓடிப் போகிற தூரமுமில்லை. அவவுக்குச் சலம் போக எழும்ப ஒரு கை வேண்டும். வேறென்ன சொல்ல.

படத்தைப் பற்றிக் குறை இருந்தால் வந்து சொல்லலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். என்னோடு சேர்த்து ஆறு வீட்டுப் பெண்களும் கிணற்றடியில் கூடிக் கதைத்தோம். எல்லாருக்கும் அந்த வழி வேண்டும். கூட்டத்துக்குப் போகத்தான் யாரும் இல்லை. "நீங்க முன்னுக்குப் போங்க, நாங்க பின்னால வாறம்" என்று ஒவ்வொருத்தியும் மற்றவளுக்குச் சொன்னாள். இரண்டாம் வீட்டுக்காரி, எல்லாரும் பின்னால வந்தால் முன்னால் போகிறது சபைக்காரன்தான் என்றாள். கடைசியில் மதில் கட்டுகிற மச்சியே என்னைக் காட்டினா.

"சோத்தத் தூக்கிட்டுப் போற ஆள்தான் போய்க் கதைக்கோணும். நான் போனா எனக்கு எதிரா நானே கதைச்ச மாதிரி."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வயதில் நான் ஆம்பிளைகள் இருக்கிற கூட்டத்தில் வாய் திறந்ததில்லை.

மகளோடு போனேன். பெண்களுக்குப் பின்வரிசையில் கதிரை போட்டிருந்தார்கள். முன்னால் ஆம்பிளைகள் கதைத்தார்கள். சைக்கிள் பாதையில் மோட்டார் சைக்கிளும் வந்துவிடும், இரும்புக் கம்பி நடவேண்டும் என்று ஒருவர். பள்ளிவாசல் முன்னால் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும் என்று ஒருவர். மீன் விற்கிறவர் தன்னுடைய பெட்டி வைத்த சைக்கிள் கம்பிக்கு நடுவால் போகுமா என்று கேட்டார். எல்லாம் தேவையான கதைதான். பெண்கள் பக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டபோது மகள் என்னை இடித்தாள். நான் எழும்பவில்லை. கூட்டம் முடிந்துவிட்டது.

ஆட்கள் கலைகிற நேரம், அந்தச் சிலாபத்துப் பிள்ளை படத்தைச் சுருட்டிக்கொண்டு தனியே நின்றது. மகள் கையை விட்டுவிட்டு நான் போனேன். இப்போது போகாவிட்டால் இனி இல்லை என்று தெரிந்தது. அந்தப் பிள்ளையையும் மகள் என்றே கூப்பிட்டேன்.

"மகள், அண்டைக்கி நான் பிழையாச் சொல்லிட்டன்."

"எது அம்மா?"

"ஒரு இடமும் போறல்ல எண்டு. நான் நாளைக்கி மூணு தரம் போறன்."

"எங்க?"

"ராத்தா ஊட்டுக்கு."

"எந்த ஒழுங்கையால போவீங்க?"

"ஒழுங்கையால இல்ல. நாளைக்கி லுஹருக்கு முந்தி வாங்க, காட்டுறன். அந்த டேப்புக்காரர் வரப்படாது."

அது சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டது.

சொன்ன நேரத்துக்கு வந்தது. டேப்புக்காரர் டேப்பைக் கொடுத்துவிட்டு ஒழுங்கையில் நிழல் பார்த்து நின்றுகொண்டார். டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றதால் நானே பிடித்தேன். ஒரு கையில் சோறு, ஒரு கையில் டேப். ஒவ்வொரு கடப்பிலும் நின்று குரல் கொடுத்தேன். கந்தோர்ப் பிள்ளை வருகிறது என்று தெரிந்ததும் பெண்கள் உடுப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தார்கள், கோழிக்கூட்டை நகர்த்தினார்கள். முந்தியே சொல்லியிருந்தால் அடுப்படியைக் கூட்டியிருப்பேனே என்று ஒருத்தி குறைப்பட்டாள். பிள்ளை தென்னங்குற்றியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்தது. நாலாம் வீட்டில் கல் அடுக்கின் பக்கத்தில் நின்று மச்சியோடு கதைத்தது. இந்த வழியைப் படத்தில் கோடாகப் போட்டுவிட்டால் அது பொதுவழி ஆகிவிடும், பிறகு யாரும் மதில் கட்டி அடைக்க முடியாது என்றது.

எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. மச்சியின் முகம் மாறிவிட்டது.

"பொதுவழி எண்டா ஆரும் வரலாந்தானே?"

"ஓம், வரலாம்."

"மீன்காரனும் வருவான், ஒழுங்கையில நிக்கிற டேப்புக்காரரும் வருவார். அப்ப நான் மதில் கட்டுறது மட்டுமில்ல, குசினியையும் முன்னுக்கு மாத்தோணும்."

பிள்ளை என்னைப் பார்த்தது. கோடு போடாவிட்டால் வழி அடைபடும். கோடு போட்டால் அது எங்கள் வழியாக இருக்காது. முக்காட்டோடு மட்டும் போக முடியாத வழி இன்னொரு ரோடுதான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ராத்தாவும் போனில் அடித்துவிட்டா. கதையை அப்படியே விட்டுவிட்டு நடந்தோம். மச்சியும் ஒரு கோப்பையில் பருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தா. வெறுங்கையோடு வருவது எங்களில் வழக்கமில்லை.

ராத்தா வீட்டுக் கடப்பில் அந்தப் பிள்ளை நேராகப் போய்த் தென்னோலைக் கிடுகில் முட்டிக்கொண்டது. கடப்புக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி, ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு கிடுகு வேலி இருக்கும். வெளியே நின்று பார்த்தால் வேலி அடைத்த மாதிரித் தெரியும். நுழைந்து, பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்துத்தான் உள்ளே போகவேண்டும். முந்தி எல்லா வளவிலும் அந்த மறைப்பு இருந்தது. தகர வேலி வந்த பிறகு மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். ராத்தா பழைய மாதிரியே வைத்திருந்தா.

பிள்ளை நெற்றியைத் தடவிக்கொண்டு அதைச் சுற்றிப் பார்த்தது. வெளியே போய் நின்று பார்த்தது. திரும்ப உள்ளே வந்தது.

"இது எதுக்கு அம்மா?"

"வெளிய நிக்கிற ஆளுக்கு உள்ளுக்குத் தெரியாம இரிக்க."

பிறகு டேப்பால் அந்த இடைவெளியை அளந்தது. நானும் நுனியைப் பிடித்தேன். மச்சி பருப்புக் கோப்பையோடு கிடுகைப் பார்த்தபடி நின்றா.

"இத கல்லுல கட்டினா?" என்றா மச்சி.

உள்ளே ராத்தா கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. "இண்டைக்கி ஆணத்துக்கு முந்தி கந்தோர் வந்துட்டு," என்றா. "கல்லுல கட்டுறதெண்டா கட்டுங்க, எனக்கு முதல்ல சோத்தத் தாங்க."

நான் ராத்தாவை எழுப்பி இருத்திச் சோறு கொடுத்தேன். மற்ற இருவரும் குசினி நிலத்தில் கடதாசியை விரித்துக் கீறினார்கள். மச்சிக்கு எழுத வாசிக்க என்னைவிடத் தெரியும். அவவே பென்சிலை வாங்கிக் கீறிக் காட்டினா. மதிலில் ஒரு ஆள் போகிற இடைவெளி. அதற்கு உள்ளே இன்னொரு துண்டு மதில். பாதையில் நிற்கிறவனுக்குக் கல்லைத் தவிர ஒன்றும் தெரியாது.

மிஞ்சியது கோடு. பிள்ளை எனக்குத் தெளிவாகச் சொன்னது. வளவுகளுக்குள்ளே கோடு போடாமல், கானைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன அடையாளம் போடலாம். அந்த இடத்தில் பலகையைத் தட்டையாக, கால் தடக்காமல் போடுவார்கள், சைக்கிள்காரர் மெதுவாகப் போக நிலத்தில் வெள்ளைக் கீறும் இருக்கும்.

"ஆனா உங்கட வழி படத்துல இருக்காது அம்மா. நாளைக்கு இன்னொரு ஆள் அடைச்சா என்னால ஒண்டும் செய்ய ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை என்பது இப்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

"கோடு வேணாம் மகள். அடைக்கிற ஆள் என்ட மூஞ்சப் பாத்து அடைக்கட்டும்."

ராத்தா தண்ணீர் கேட்டா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

மதில் கட்டினார்கள். மேசன் முதலில் உள்மதிலை மிகக் கிட்டக் கட்டிவிட்டார். அவர் தன் தோளை வைத்து அளந்திருக்கிறார், தோளோடு ஒரு பீங்கானும் வரும் என்று அவருக்குத் தெரியாது. நான் சோற்றோடு உள்ளே திரும்பும்போது முழங்கை உரசி, ஆணம் கொஞ்சம் சீலையில் சிந்தியது. மச்சி அதைப் பார்த்துவிட்டு மேசனைக் கூப்பிட்டு உடைத்துத் தள்ளிக் கட்டச் சொன்னா. அவர் முணுமுணுத்துக்கொண்டு கட்டினார். இப்போது பீங்கானோடு போகலாம். இரண்டு பீங்கான் என்றால் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கவேண்டும்.

பாதையும் வந்துவிட்டது. காலையில் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். இரண்டாம் வீட்டுப் பிள்ளையும் அதில்தான். கிளினிக் நாளில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் நிழலில் நின்று நின்று போகிறார்கள். எனக்கும் பிரஷர் குளிசை எடுக்க அந்தப் பாதை வசதி. அபாயாவைப் போட்டுக்கொண்டு மாதத்தில் ஒரு நாள் போகிறேன். வெள்ளைக் கீறு போட்ட இடத்தில் சைக்கிள்காரர் எல்லாரும் மெதுவாகப் போவதில்லை. கடப்பை விட்டு வெளியே வருமுன் காதைக் கொடுத்து நின்று பார்த்துத்தான் கால் வைக்கிறேன். அங்கே ஒரு வழி இருப்பது தெரியாத ஒருவர், மதிலுக்குள்ளிருந்து நான் வந்ததைப் பார்த்துப் பயந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டார். பாவம், அடி ஒன்றும் இல்லை.

ராத்தா இப்போது நாலுகால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குசினி வரைக்கும் வருகிறா. டொக்டர் இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம் என்றார். மூன்று தரம் போகிறது அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் ஐந்தாம் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கற்பிட்டிப் பக்கத்து ஆட்களாம், வெங்காயத் தோட்டம் உள்ளவர்களாம். நோன்புக்கு முந்திக் குடிவருவார்கள் என்று கேள்வி. வீடு இப்போது பூட்டியிருக்கிறது, நான் குரல் கொடுக்காமலே தாண்டிப் போகிறேன். அது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அவர்களுக்கு இந்த வழி தெரியாது. படத்தைப் பார்த்தாலும் தெரியாது. அவர்கள் வருகிற அன்றைக்கே, கல் கில் இறக்குவதற்கு முன்னால், ஒரு பீங்கான் வட்டிலாப்பத்தோடு போய் நிற்கவேண்டும் என்று இருக்கிறேன். முன்வாசலால் இல்லை, கடப்பால். என்ன கதைப்பது என்று இன்னும் தெரியவில்லை. மச்சி கூட வருகிறேன் என்றிருக்கிறா. பின்னால்தான் வருவா.

டீச்சர், இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நாலாம் வீட்டு மச்சியிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கூட்டமும் கல் இறக்கியதும் எது முந்தி எது பிந்தி என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கடப்பு ஏழு என்று எழுதியிருக்கிறேன், என் வீட்டுக் கடப்பைச் சேர்த்து எண்ணினேனா விட்டு எண்ணினேனா என்றும் சந்தேகமாக இருக்கிறது. அவவோடு ஒரு நாள் நடந்து பார்த்து, பிழை இருந்தால் நீங்களே திருத்திவிடுங்கள்.